கோடு கீறியவள்

16 ஏப்ரல் 2024, செவ்வாய். ரெனான்

இன்று உடுப்புத் தோய்க்கும் முறை என்னுடையது. நிலவறையில் மெஷினைப் போட்டுவிட்டு மேலே வந்தால் அலுவலகத்தில் இருந்து மதாம் ஃபாவ்ரின் மின்னஞ்சல். எங்கள் வனவிலங்கு அமைப்பின் யூன் 13 ஜெனீவாக் கூட்டத்துக்குப் பேச்சாளர் உறுதியாகிவிட்டாராம். பெகுமூஸி பியேலா. விசாவும் கிடைத்துவிட்டது.

மூன்று தடவை வாசித்தேன். பாபா வருகிறார். இங்கே!

ஆறு மாதம் என்று சொல்லிக்கொண்டு தென்னாபிரிக்காவுக்குப் போனது 1994இல். லொசானில் உயிரியல் படித்து முடித்த கையோடு, இருபத்தாறு வயதில், சூலு மொழியில் ஒரு சொல்லும் தெரியாமல். ஒன்பது வருடம் நின்றேன். பாபா அப்போது சரணாலயத்தின் தலைமைத் தடம் பார்ப்பவர். முதல் மாதம் ஒரு காண்டாமிருகப் பசுவின் பின்னால் காலை தொடங்கி நடந்தோம். தடம் ஆற்றில் இறங்கியது. நான் கொப்பியில் 'ஆற்றைக் கடந்தது' என்று எழுதினேன். வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். "நீ கடந்தனியோ?" என்று கேட்டார். இடுப்பளவு தண்ணீரில் இறங்கி அக்கரைக்குப் போனேன். அங்கே ஒரு தடமும் இல்லை. அது ஆற்றுக்குள்ளேயே திரும்பிக் கரையோரமாக மேலே போயிருந்தது. வந்து கொப்பியில் வெட்டினேன்.

(பாபா என்றால் சூலுவில் அப்பா. அவர் பேசியது சூலு. முப்பது வருடமாக என் காதில் அது யாழ்ப்பாணத் தமிழாகத்தான் விழுகிறது. எழுதும்போதும் அப்படியே வரட்டும்.)

உடுப்பை மறந்துபோனேன். அடுத்த முறைக்காரி யாதவி கூடையோடு கதவைத் தட்டினாள்.

3 மே, வெள்ளி

பாபாவுக்குக் கோல் எடுத்தேன். காற்றின் இரைச்சல். மேட்டில் ஏறி நின்றால்தான் அங்கே சிக்னல் வரும்.

இலண்டனில் இருந்து ஒரு மொழிபெயர்ப்பாளரை ஒழுங்கு செய்திருக்கிறார்கள் என்றேன். வேண்டாம் என்றார். "நீ நில். நான் சொல்லுறதை அப்படியே கொண்டுபோவியோ?"

"ஓம் பாபா. அதுக்கென்ன."

காற்று மட்டும் இரைந்தது. லைன் அறுந்துவிட்டது என்று நினைத்தேன். பிறகு, "சரி" என்றார்.

எனக்கு ஒரே சந்தோசம். பள்ளத்தாக்குத் திட்டத்துக்கு நான் பன்னிரண்டு வருடம் கொடுத்திருக்கிறேன். பழைய சரணாலயத்தில் காண்டாமிருகங்களுக்கு இடம் போதாது. நெருக்கத்தில் ஒன்றையொன்று குத்துகின்றன. கொம்புக்காகச் சுடுகிறவர்களுக்கும் அது வசதி. பக்கத்துப் பள்ளத்தாக்கைச் சேர்த்து வேலி அடித்தால் அவை பரந்து போகும். வரைபடம் என்னுடையது. கீழ்ப்பகுதி வேலி முடிந்துவிட்டது. இரண்டாம் கட்டத்துக்குக் கொடையாளர்கள் இந்தக் கூட்டத்தில்தான் சம்மதம் சொல்ல வேண்டும். அதைப் பாபாவின் வாயால் கேட்டால் யார் மறுப்பார்கள்?

24 மே

பாபாவுக்குக் குளிருமே என்று கம்பளித் தொப்பி ஒன்று வாங்கினேன். யூன் மாதத்துக்கா என்று கடைக்காரப் பெண் சிரித்தாள்.

10 யூன், திங்கள்

ஜெனீவா விமான நிலையத்தில் அவரை எனக்கு உடனே அடையாளம் தெரியவில்லை. சிறுத்துப் போனார். எழுபத்தொன்பது வயது. இரவல் கோட். என்னைக் கண்டதும் இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "மெலிஞ்சுபோனாய்" என்றார். அவர்!

ஹோட்டல் வேண்டாமாம். ரெனானுக்குக் கூட்டிவந்தேன். ரயிலில் ஏரியைப் பார்க்கவில்லை, வேலிகளைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார். திராட்சைத் தோட்டத்து மதில், மாட்டு வேலி, தண்டவாள ஓரத்து வேலி. "இந்த ஊரில எல்லாத்துக்கும் எல்லை இருக்கு" என்றார்.

மாங்கேமா அம்மாவைப் பற்றிக் கேட்க நினைத்து, கேட்காமல் விட்டேன். பாபாவின் மனைவி. ஒன்பது வருடம் எனக்குச் சோளக்களி போட்டவ. 2019இல் செத்தபோது நான் போகவில்லை. பிரசல்ஸில் ஒரு கூட்டம். என்ன கூட்டம் என்பதே இப்போது ஞாபகம் இல்லை.

11 யூன், செவ்வாய்

எங்கே தொடங்கி எழுதுவது.

காலையில் லொசானுக்கு மேலே காட்டுப் பக்கம் நடக்கக் கூட்டிப்போனேன். மெதுவாக நடந்தார். பாதை ஒரு பண்ணைக்காரனின் புல்வெளிக்கு நடுவால் போகிறது. மாடுகள் மேய்கின்றன, சுற்றிவர மின்கம்பி. பாதை கம்பியைத் தொடும் இடத்தில் பிளாஸ்டிக் பிடியோடு ஒரு கொளுக்கி. அதைக் கழற்றி, உள்ளே போய், திரும்ப மாட்டினேன். பாபா அப்படியே நின்றார்.

"இது ஆரின்ர காணி?"

"ஒரு பண்ணைக்காரன்ர."

"எங்களை விடுறானோ?"

"விடத்தான் வேணும் பாபா. பாதை பழசு. பழைய நடைபாதையை மறிக்க ஏலாது. சட்டம்."

அந்தப் பிடியைக் கையில் எடுத்தார். கழற்றினார். மாட்டினார். திரும்பவும் கழற்றினார். பிறகு புல்லில் உட்கார்ந்து, மாடுகளைப் பார்த்தபடி சொன்னார்.

பெப்ரவரியில் வேலிக்காகப் பள்ளத்தாக்குக்கு லொறிகள் வந்ததாம். ஏழு வீட்டுச் சனத்தை ஏற்றிப்போய் பெருந்தெருவோரம் தகரக் கொட்டில்களில் விட்டார்களாம். அவருடைய தங்கை ஸொட்வாவின் வீடும் அதில் ஒன்று. ஊர்த்தலைவர் கையெழுத்து வைத்திருக்கிறார். ஆனால் ஊர் கூடவில்லை, ஒருவரையும் கேட்கவில்லை. மாங்கேமாவைப் புதைத்தது ஸொட்வாவின் வீட்டு மாட்டுப்பட்டிக்குப் பக்கத்தில். இப்போது வேலிக்குள். போய் ஒரு கல் வைத்துவிட்டு வர அவர் வாசலில் கேட்டிருக்கிறார். காவலுக்கு நின்றவர்களில் ஒருவன் அவரே பழக்கிவிட்டவன். அழுதானாம். ஆனாலும் விடவில்லை.

"உனக்குத் தெரியுமோ?" என்று கேட்டார்.

இல்லை என்றேன்.

தெரியாதுதான். ஆனால் நான் கண்டனான். செய்மதிப் படத்தில ஏழு கூரை. இந்த மேசையில இருந்து, கோப்பியைக் குடிச்சுக்கொண்டு, 'தற்காலிகக் கொட்டில்கள்' எண்டு எழுதினது நான்தான். அந்தப் பள்ளத்தாக்கில நான் கடைசியாக் கால் வைச்சு எட்டு வருசம். ஆரையாவது கேட்டனானோ? ஒரு போன் அடிச்சனானோ? இல்லை. கோட்டை நேராக் கீறினன். நேர்க்கோடு எண்டால் வேலிக்குச் செலவு குறைவு.

அவரிடம் சொன்னேன். எல்லாவற்றையும். புல்லைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"நாளையிண்டைக்கு அதைத்தான் சொல்லப்போறன்" என்றார். "உன்னை ஏசுறதுக்கு வரேல்லை. என்ர சொல்லை அவைக்கு விளங்கிற மாதிரிக் கொண்டுபோக உன்னை விட்டால் எனக்கு ஆள் இல்லை."

12 யூன், புதன்

காலையில் மதாம் ஃபாவ்ருக்கு எடுத்துச் சொன்னேன். எங்கள் அமைப்பின் பணிப்பாளர், பதினாறு வருடமாக என் மேலதிகாரி. கெட்ட மனுசி இல்லை. உண்மையிலேயே அதிர்ந்துபோனா. "இதைச் சரிசெய்ய வேண்டும், செய்வோம். ஆனால் நாளைக்கு இல்லை, யஸோதரா. அவர் பேசட்டும். நீ சாராம்சத்தை மட்டும் சொல். கூட்டம் முடியட்டும், நானே நேரில் போகிறேன்."

பிறகு குரலைத் தாழ்த்தினா.

"இரண்டாம் கட்டம் நின்றால் மாற்ற இருக்கும் பதினெட்டு மிருகங்களும் பழைய இடத்திலேயே அடைபட்டுக் கிடக்கும். அது என்ன ஆகும் என்று என்னைவிட உனக்குத்தான் தெரியும்."

தெரியும். பொய் ஒன்றும் சொல்லவில்லை அவ.

மத்தியானம் அண்ணை இன்டர்லாக்கனில் இருந்து வந்தார். அவர் வேலை செய்யும் ஹோட்டல் குசினியில் இன்று லீவு. இடியப்பம், ஆட்டிறைச்சிக் கறி, சொதி எல்லாம் சட்டியோடு காவிவந்திருந்தார். பாபாவும் அவரும் ஒருவர் சொல்வது மற்றவருக்கு விளங்காமல், கையால் பிசைந்து, எலும்பைக் கடித்து, ஒழுங்காகச் சாப்பிட்டார்கள். நான்தான் ஒன்றும் சாப்பிடவில்லை.

பாபா படுக்கப் போனபிறகு அண்ணையிடம் சொன்னேன். தட்டைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

"ஊரில எங்கட காணியைச் சுத்தி முள்ளுக்கம்பி அடிச்ச ஆமிக்காரங்களும் பாதுகாப்பு எண்டுதான் போர்டு போட்டவங்கள்" என்றார். "உயர் பாதுகாப்பு வலயம். இருபத்தாறு வருசம். அம்மா கடைசிவரைக்கும் உள்ள போகேல்லை."

"அண்ணை, இது அது இல்லை. அந்த மிருகங்களுக்கு வேற இடம் இல்லை."

"இருக்கலாம். உண்மையாயும் இருக்கலாம். நீ உன்ர வாயால அதைச் சொல்லு, ஆர் வேண்டாமெண்டது? ஆனா அந்த மனிசன்ர வாயில கொண்டுபோய் வைக்காதை."

கடைசி ரயிலுக்கு நேரமாகிறது என்று போய்விட்டார். சட்டியை விட்டுவிட்டுப் போய்விட்டார்.

13 யூன், வியாழன்

மண்டபத்தில் இருநூறு பேர் இருக்கும். முன் வரிசையில் கொடையாளர்கள். சுவரில் பாபாவின் பழைய படம், ஆளுயரத்துக்கு. 1997இல் நான் எடுத்தது. அதற்குக் கீழே இரவல் கோட்டோடு அவர். பக்கத்தில் மைக்கோடு நான்.

முதலில் காண்டாமிருகங்களைப் பற்றிப் பேசினார். ஒரு பசு தன் கன்றை முன்னால் நடக்கவிட்டு எப்படிப் பின்னால் வருகிறது என்று. நான் பிரெஞ்சில் சொன்னேன். சனம் புன்னகைத்தது. மதாம் ஃபாவ்ர் என்னைப் பார்த்துத் தலையாட்டினா.

பிறகு பாபா ஏழு வீட்டுக்காரரின் பெயர்களைச் சொன்னார். ஒவ்வொன்றாக, அப்பன் பெயரோடு. சொல்லிவிட்டு நிறுத்தி, எனக்காகக் காத்து நின்றார்.

தண்ணீர் குடித்தேன். இந்த இடத்தில் 'அப்பகுதியில் சில குடும்பங்கள் வாழ்ந்தன' என்று சொல்லியிருக்கலாம். அந்த வசனம் முழுசாக, இலக்கணச் சுத்தமாக, நாக்கின் நுனியில் வந்து நின்றது. ஒருவருக்கும் தெரிந்திருக்காது. அந்த மண்டபத்தில் சூலு தெரிந்தவர்கள் இரண்டே பேர்.

ஏழு பெயரையும் சொன்னேன்.

அதற்குப் பிறகு நிற்கவில்லை. மொழிபெயர்ப்பவர் 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும், 'அவர்' என்று சொல்லக்கூடாது. அதனால் நான் சொன்னேன்: என் மனைவி அந்த வேலிக்குள் கிடக்கிறாள். என் தங்கையின் வீட்டை இடித்தார்கள். நாற்பத்தொரு வருடம் நான் இந்த மிருகங்களைக் காத்தேன், எனக்குப் பின்னால் ஒரு வாசல் பூட்டப்படும் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. மிருகம் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. எங்களைக் கேளுங்கள். நடந்து வந்து கேளுங்கள்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அவர் என் பக்கம் திரும்பினார். மெதுவாக, நான் ஒரு சொல்லையும் தவறவிடாதபடி, சொன்னார். அதையும் பிரெஞ்சில் சொன்னேன்:

"அந்தக் கோட்டைக் கீறியது என் மகள். நான்தான் அவளுக்கு நடக்கப் பழக்கினேன். அவள் நடக்காமல் கீறினாள். இப்போது என் பக்கத்தில் நின்று இதை உங்களுக்குச் சொல்லிக்கொண்டிருப்பவளும் அவள்தான்."

முப்பது வருடத்தில் என்னை அவர் மகள் என்று சொன்னது இதுதான் முதல் தடவை.

ஒருவரும் கைதட்டவில்லை. ஒரு கதிரை நிலத்தில் உராய்ந்த சத்தம். முன் வரிசையில் ஒருவர் எழுந்து வெளியே போனார்.

14 யூன்

போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. எடுக்கவில்லை. பாபா பல்கனியில் இருந்து கீழே பஸ்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். மழை.

15 யூன், சனி

விமான நிலையத்தில் கேட்டுவிட்டேன். கேட்கக் கூடாது என்று ரயில் முழுக்க நினைத்துக்கொண்டு போய், கடைசியில் கேட்டேன். "பாபா, என்னை மன்னிச்சீங்களோ?"

"அது என்னட்டக் கேக்கிற கேள்வி இல்லை. என்ர வீட்டை ஒருத்தரும் இடிக்கேல்லை. ஸொட்வாவிட்டக் கேள்."

தொப்பியைப் போட்டுக்கொண்டுதான் போனார். உள்ளே போகிற வாசலில் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் எப்போதும் திரும்பிப் பார்ப்பதில்லை. காட்டிலும் அப்படித்தான்.

2 யூலை, செவ்வாய்

வேலை போய்விட்டது. 'இரு தரப்புச் சம்மதத்துடன்' என்று கடிதம். கையெழுத்து வைத்தேன். மதாம் ஃபாவ்ர் லிஃப்ட் வரைக்கும் கூடவே வந்தா. "நீ எனக்கு முன்கூட்டியே சொல்லியிருக்கலாம், சொல்லப்போகிறேன் என்று" என்றா. எனக்கே தெரிந்திருக்கவில்லை என்றேன். நம்பினாவோ தெரியாது.

இரண்டாம் கட்டம் நிறுத்தம். விசாரணைக் குழு ஒன்று போகிறதாம்.

21 ஓகஸ்ற், புதன்

மூன்று. பழைய சரணாலயத்தில், மேற்கு எல்லையில். ஒரு பசு, அதன் கன்று, ஒரு கிழட்டுக் காளை. கொம்புக்காக முகத்தை வெட்டியெடுத்திருக்கிறார்கள். கன்றுக்குக் கொம்பே இல்லை. அதையும் சுட்டிருக்கிறார்கள்.

யூலை மாதம் அந்தப் பசுவைப் பள்ளத்தாக்குக்கு மாற்ற இருந்தோம். பெயர்ப்பட்டியலில் நாலாவது.

நான் சொன்னது சரிதான். சரியாச் சொன்னபடியால அதுகள் அங்கயே நிண்டுதுகள். நிண்டபடியால செத்துப்போச்சுதுகள். இதை ஆரிட்டச் சொல்லுறது? அண்ணைக்குப் போன் எடுத்து, பேசாமல் வைச்சிட்டன். திரும்ப எடுத்தார். "சாப்பிட்டியோ?" எண்டு மட்டும் கேட்டார்.

22 ஓகஸ்ற்

பாபாவிடமிருந்து குரல் செய்தி. பத்து விநாடி. "நானும் போய்ப் பார்த்தனான். கன்றுக்குப் பக்கத்தில இருந்தனான்." அவ்வளவுதான்.

8 ஒக்ரோபர், செவ்வாய்

போன மாதம் ஸொட்வாவுக்கு ஒரு நீண்ட குரல் செய்தி அனுப்பினேன். காரணம் எதுவும் சொல்லவில்லை. செய்தது நான் என்று சொன்னேன். வந்து நேரில் கேட்க விடுவீங்களோ என்று கேட்டேன்.

பதில் இன்று பாபா வழியாக. ஏழு வீட்டுக்காரரும் இருந்து கதைத்தார்களாம். "வேண்டாம் எண்டினம்" என்றார். "நான் உனக்காகக் கதைச்சனான். கேட்டுக்கொண்டு இருந்தவை. பிறகும் வேண்டாம் எண்டுதான் சொன்னவை."

"சரி பாபா."

"சரி எண்டு சொல்லாதை. உனக்குச் சரியில்லை. ஆனா அவையள் சொன்னது அது."

19 யனவரி 2025, ஞாயிறு

எழுதியே கனகாலம்.

நொவெம்பர் தொடக்கம் லொசான் ஆஸ்பத்திரியில் மொழிபெயர்க்கிறேன், வாரத்தில் மூன்று நாள். நேற்று சிவகலா என்று ஒரு அக்கா, அறுபது வயது இருக்கும், புற்றுநோய். டொக்டர் சொன்னதைச் சொன்னேன். என் கையைப் பிடித்து, "அவர் அப்படித்தான் சொன்னவரோ, இல்லை நீங்கள் குறைச்சுச் சொல்லுறியளோ?" என்று கேட்டா. அப்படியேதான் சொன்னவர் அக்கா, என்றேன். தலையாட்டினா. அழவில்லை.

மதாம் ஃபாவ்ர் கடிதம் எழுதியிருக்கிறா, கையெழுத்தில். பள்ளத்தாக்கின் கீழ்ப்பகுதி வேலியைக் கழற்றிவிட்டார்கள். ஏழு குடும்பமும் திரும்பிவிட்டது, வீடு கட்டுகிறார்கள். மிருகங்களுக்கு இடம் மேலே மலைமுகட்டுப் பக்கம் மட்டும், முன்பு நினைத்ததில் பாதிக்கும் குறைவு. ஊரே கூடி ஒத்துக்கொண்டதாம். ஒன்பது மிருகங்கள் போகலாம். பதினெட்டு இல்லை.

வாசித்துவிட்டு மேசையில் வைத்தேன்.

2 மார்ச்

பாபாவுக்குச் சளி நெஞ்சில் இறங்கிவிட்டதாம். வெயில் ஏறினபிறகுதான் வெளியே வருகிறார். இனி நடை இல்லை என்று தானே சொன்னார். சாதாரணமாகச் சொன்னார், மழை இல்லை என்று சொல்வதுபோல.

15 மே 2025, வியாழன்

வேலை முடிந்து ரெனான் ஸ்டேஷனில் இறங்கும்போது போன். தென்னாபிரிக்க இலக்கம், ஆனால் பாபாவுடையது இல்லை.

"ஸொட்வா கதைக்கிறன்."

நடைமேடையில் அப்படியே நின்றுவிட்டேன். இருபது வருடத்துக்கு மேலாகக் கேட்காத குரல். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. சுகம் கேட்கவில்லை.

மலைமுகட்டில் இருந்து மிருகங்கள் எந்த வழியால் தண்ணிக்கு இறங்கும் என்று ஒருவருக்கும் தெரியவில்லையாம். அமைப்பில் இருந்து வந்த இரண்டு பேரும் மெஷினைப் பறக்கவிட்டுப் படம் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். வழி தெரியாமல் விட்டால் மிருகம் வீடுகளுக்குள்ளால் இறங்கும், பிள்ளைகள் இருக்கிற இடம். தமையனால் நடக்க ஏலாது. அவர் நடந்த வழியெல்லாம் கூட நடந்த ஆள் ஒருத்திதான் மிச்சம் என்று அவர் சொன்னாராம்.

"திரும்ப இருந்து கதைச்சனாங்கள்" என்றா. "ஆறு வீட்டுக்காரர் வரட்டும் எண்டினம்."

பையை நிலத்தில் வைத்தேன்.

"ஒரு வீடு இன்னும் மாட்டன் எண்டுதான் நிக்குது. என்ர பக்கத்து வீடு. லொறியில ஏத்தேக்க அவையின்ர கிழவி விழுந்தவ. பிறகு எழும்பேல்லை. அந்த வளவுப் பக்கம் நீ காலடி வைக்கக் கூடாது. பாதை அந்த வாசலாலதான் போகுது. நீ சுத்திப் போ."

கிழவியைப் பற்றி எனக்கு இதுவரை ஒருவரும் சொல்லவில்லை. பாபாவும் சொல்லவில்லை. ரயில் ஒன்று நிற்காமல் கடந்துபோனது. அது போகும்வரைக்கும் அவவும் பொறுத்திருந்தா.

"அவவின்ர பெயர் என்ன மா?" என்று கேட்டேன்.

சொன்னா.

"எவ்வளவு சுத்த வேணும்?"

"மலையடியால. போக ரெண்டு மணித்தியாலம், வர ரெண்டு மணித்தியாலம்."

"ஒவ்வொரு நாளுமோ?"

"ஒவ்வொரு நாளும்."

சரி மா, சுற்றிப் போகிறேன் என்றேன்.

திங்கட்கிழமை விமானம்.